அக்ரோபோலிஸ் மேல ஒரு லிஃப்ட், ஒரு சிமெண்ட் பாதை, ஒரு பெரிய சண்டை

எங்க அக்காவுக்குப் பழைய கட்டடம்னா உயிர். கோட்டை, கோயில், அரண்மனை எதுவா இருந்தாலும் போய்ப் பாத்தே ஆகணும். 15 வருஷமா வீல்சேர்ல இருக்காங்க, அதனால ஒரு எடத்துக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நாங்க முதல்ல விசாரிக்கிறது வாசல்ல எத்தனை படி, உள்ள தரை கல்லா மண்ணா, நிலைப்படி எவ்வளவு உயரம், இதுங்களத்தான். வரலாறெல்லாம் அப்புறம். 2021-ல ஏதென்ஸ் அக்ரோபோலிஸ் உச்சியில புதுசா சிமெண்ட் பாதை போட்ட போட்டோ எல்லா எடத்துலயும் சுத்துச்சு, பாத்தவங்கள்ல நிறைய பேர் ஐயோ 2500 வருஷத்துப் பாறைய நாசம் பண்ணிட்டாங்களேன்னு பதறினாங்க, நானும் பதறினேன். அக்கா அந்த போட்டோவப் பெருசாக்கி ரொம்ப நேரம் பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "டேய், இதுல நானே சக்கரத்தத் தள்ளிக்கிட்டுப் போயிட முடியுமா, இல்ல நீ பின்னாடி நின்னு தள்ளணுமா?"

அந்தக் கேள்விக்கு எனக்கு அப்ப பதில் தெரியல. தேட ஆரம்பிச்சேன், தேடத்தேட இது ஒரு பாதையப் பத்தின விஷயம் மட்டும் இல்லன்னு புரிஞ்சுது, பழைய எடம்னா எந்தக் காலத்துப் பழசு, அத யாருக்காகக் காப்பாத்துறோம், காப்பாத்துறேன்னு சொல்லிக்கிட்டு யார வெளிய நிறுத்துறோம்னு எல்லாமே இந்த ஒரு பாறை மேல வந்து நிக்குது. அதான் முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல எடத்தச் சொல்லிடுறேன். அக்ரோபோலிஸ்ங்கிறது ஏதென்ஸ் ஊருக்கு நடுவுல நிக்கிற ஒரு சுண்ணாம்புப் பாறைக் குன்று. சுத்தி இருக்கிற ஊர் மட்டத்துல இருந்து சுமார் 70 மீட்டர் உயரம். மேல பார்த்தினான் கோயில், கிமு 447-ல கட்ட ஆரம்பிச்சது. பக்கத்துல எரெக்தியான்னு இன்னொரு கோயில். மேற்குப் பக்கம் நுழைவாயில், ப்ராபிலயான்னு பேரு, நம்ம ஊர் ராஜகோபுரம் மாதிரி உள்ள போறவங்கள நிறுத்தி அண்ணாந்து பாக்க வைக்கிற கட்டடம். மத்த மூணு பக்கமும் செங்குத்துப் பாறையும் மதிலும்தான். 1987-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்தாங்க.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. வீல்சேர்ல இருக்கிறவங்க தானாவே ஏறணும்னா சாய்தளத்தோட சரிவு 1-க்கு 12 இருக்கணும், அதாவது 1 அடி ஏறுறதுக்கு 12 அடி நீளம். நம்ம ஊர் விதியும் இதேதான். 70 மீட்டர் ஏறணும்னா 840 மீட்டர் சாய்தளம், அதுவும் நடுநடுவுல மூச்சு வாங்குறதுக்கு சமதளம் விடணும், திருப்பத்துக்கெல்லாம் தனியா எடம் வேணும், ஆக ஒரு கிலோமீட்டருக்கு மேல போயிடும். குன்றச் சுத்தி அப்படி ஒரு ரோடு போட்டா குன்றே பாழாயிடும். அதனால லிஃப்ட் தவிர வேற வழியே இல்லன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு. அதுல யாருக்கும் பெரிய கருத்து வேறுபாடும் கிடையாது.

படி எப்ப வந்துச்சு

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்த விஷயம் இது. இன்னைக்கு மேற்குப் பக்கம் போறவங்க படி ஏறித்தான் போறாங்க, பாக்குறவங்க எல்லாரும் அதான் ஆதிகால வழின்னு நினைச்சுக்கிறாங்க. ஆனா ஆதியில அங்க இருந்தது ஒரு சாய்தளம்! கிமு 6-ம் நூற்றாண்டுலயே ஒன்னு போட்டாங்க, கிமு 5-ம் நூற்றாண்டுல ஏதென்ஸுக்குத் தலைவரா இருந்த பெரிக்கிளிஸ் காலத்துல அத சுமார் 20 மீட்டர் அகலத்துக்குப் பெருசாக்கினாங்க. ஏன்னா வருஷா வருஷம் அதீனா தெய்வத்துக்குத் திருவிழா, ஊரே ஊர்வலமா வரும், பலி கொடுக்கிறதுக்கு மாடுங்கள ஓட்டிக்கிட்டு வருவாங்க, மாடு எப்படிப் படி ஏறும். ப்ராபிலயாவுல அஞ்சு வாசல் இருக்கு, நாலு வாசலுக்குப் படி, நடு வாசலுக்கு மட்டும் படியே கிடையாது, சாய்வாவே மேல போற வழி. அதுவும் அந்த ஊர்வலத்துக்காகத்தான். படிக்கட்டு ரோமானியர் காலத்துல, கிபி 1-ம் நூற்றாண்டுல வந்தது. இன்னைக்கு அந்தப் படிக்கட்டோட அடியில நிக்கிற பியூலே வாசல் அதுக்கும் பின்னாடி, 267-ல ஹெரூலியர்ங்கிற கூட்டம் ஊரச் சூறையாடினதுக்கு அப்புறம் பாதுகாப்புக்குக் கட்டினது, பியூலேங்கிற பிரெஞ்சு ஆய்வாளர் 1852-ல தோண்டி எடுத்ததால அவர் பேரே நின்னுடுச்சு.

அந்தப் பழைய சாய்தளத்துல வீல்சேர் ஏறியிருக்கும்னு நான் சொல்ல வரல, அது ரொம்பச் செங்குத்து, மாட்டுக்கும் ஆளுக்கும்தான் சரிப்படும். நான் சொல்ல வர்றது வேற. "இங்க சாய்தளம் வச்சா பழமை கெட்டுடும்"னு ஒருத்தர் சொன்னா, எந்தப் பழமைன்னு திருப்பிக் கேக்க நமக்கு உரிமை இருக்கு.

கிரீஸ்லயே இன்னொரு சேதியும் இருக்கு. டெபி ஸ்னீட்னு ஒரு ஆய்வாளர் 2020-ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க, நோய் தீக்கிற தெய்வமான அஸ்கிளேப்பியஸ் கோயில்கள்ல மத்த கோயில்கள விட சாய்தளம் நிறைய இருக்கு, எபிடாரஸ்ங்கிற எடத்துல மட்டும் 9 கட்டடத்துல 11 கல் சாய்தளம் இருக்கு, நடக்க முடியாத பக்தர்கள் நிறைய வந்த எடம்ங்கிறதாலதான் அப்படிக் கட்டியிருக்கணும்னு. எல்லா ஆய்வாளர்களும் இத ஒத்துக்கல, பொருள் கொண்டு போறதுக்காகவும் இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு ஸ்னீட் சொல்றது சரின்னு படுது, குணமாகணும்னு கால் இழுத்துக்கிட்டு வர்றவங்களுக்கு முன்னாடி மூணு பெரிய படியக் கட்டி வைக்க எந்தக் கொத்தனாருக்கும் மனசு வந்திருக்காது.

2004: ஒரு லிஃப்ட், ஒரு பாடம்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக், அதுக்குப் பின்னாடியே செப்டம்பர்ல பாராலிம்பிக். உலகம் பூரா இருந்து மாற்றுத்திறனாளி வீரர்கள் வர்றாங்க, ஊரோட அடையாளமே இந்தக் குன்று, அதுல அவங்களால ஏற முடியாதுன்னா எவ்வளவு பெரிய தலைகுனிவு. அதுவரைக்கும் வீல்சேர்ல வந்தவங்கள நாலு பேர் தூக்கிக்கிட்டுப் போகணும், இல்லன்னா கீழ நின்னு பாத்துட்டுத் திரும்பணும். அதனால வடக்குப் பக்கம் பாறையோட ஒட்டி ஒரு லிஃப்ட் வச்சாங்க. கட்டட வேலை நடக்கிற எடத்துல ஆளையும் சாமானையும் ஏத்துவாங்களே, அந்த மாதிரி கம்பிக் கூண்டு. பாறையில பெருசா ஓட்டை போடாம, வேணாம்னா கழட்டிடலாம்ங்கிற மாதிரி வச்சது. யோசனை நல்ல யோசனை.

ஆனா அது அவசரத்துக்கு வச்ச சாமான், காலத்துக்கும் ஓடுறதுக்கு வச்சதில்ல. காத்து பலமா அடிச்சா நிறுத்தணும், மழை பெஞ்சா நிறுத்தணும். அடிக்கடி ரிப்பேர். வருஷம் போகப்போக ரிப்பேர் நாள் கூடிக்கிட்டே போய் கடைசியில மாசக்கணக்குல ஓடாம நின்னுடுச்சு. வாழ்க்கையில ஒருதடவ வர்றோம்னு காசு சேத்து ஏதென்ஸ் வரைக்கும் வந்தவங்க குன்று அடிவாரத்துல நின்னுட்டுத் திரும்பியிருக்காங்க, அது செய்தியாவும் வந்து கிரீஸ்லயே பெரிய பேச்சாச்சு.

நான் இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் பெரிய பாடமே இதுதான். லிஃப்ட் திறக்கிற அன்னைக்கு ரிப்பன் வெட்டுறாங்க, போட்டோ எடுக்கிறாங்க. அது 14 வருஷம் கழிச்சு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில ஓடுமாங்கிறதுக்கு யாரு பொறுப்பு? படிக்கட்டு ரிப்பேர் ஆகாது, படி ஏறுறவங்களுக்கு எந்நாளும் வழி இருக்கு. மெஷின நம்பி இருக்கிறவங்களுக்கு அந்த மெஷின் நின்னா வாசலே இல்ல. அதனால லிஃப்ட் வாங்குற காசு ஒரு பங்குன்னா, அத வருஷா வருஷம் பாத்துக்கிற மெயின்டனன்ஸ், கைவசம் ஸ்பேர், பக்கத்துலயே தெரிஞ்ச மெக்கானிக், நின்னுபோனா மாத்து ஏற்பாடு இதெல்லாம் சேத்துக் கணக்குப் போட்டாத்தான் அது திட்டம்.

எங்களுக்கே ஒரு தடவ இப்படி ஆச்சு. ஒரு பழைய அரண்மனை, பேர் வேணாம், ராம்ப் இருக்குன்னு முன்னாடியே விசாரிச்சுட்டுத்தான் போனோம். ராம்ப் இருந்துச்சு. அதுக்குக் குறுக்க ஒரு சங்கிலி, பூட்டு. பைக்கெல்லாம் ஏத்திடறாங்கன்னு பூட்டி வச்சிருக்காங்களாம், சாவி வச்சிருக்கிறவர் சாப்பிடப் போயிருக்காராம். ரெண்டு மணி நேரம் வேப்ப மரத்தடியில உக்காந்திருந்தோம், அக்கா ஒன்னும் பேசல, கடைசியா "வாடா போலாம்"னாங்க, அவ்வளவுதான். அந்தச் சங்கிலி இன்னும் என் கண்ணுல நிக்குது.

2020: ரெண்டு வேலை ஒன்னா

இப்ப முக்கியமான பகுதிக்கு வர்றேன். 2020-ல கிரேக்க அரசாங்கம் ரெண்டு வேலையச் சேத்து எடுத்துச்சு. ஒன்னு புது லிஃப்ட், பாறைச் சரிவ ஒட்டியே ஏறுற மாதிரி செஞ்சது, ஒனாசிஸ் அறக்கட்டளை காசு கொடுத்துச்சு. அத 2020 டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் தினத்தன்னைக்குத் திறந்தாங்க. ரெண்டாவது வேலை, லிஃப்ட்ல ஏறி மேல வந்தா அங்க இருந்து எப்படிப் போறது? மேல மொத்தமும் மேடும் பள்ளமுமான பாறை, லட்சக்கணக்கான கால் பட்டுப் பட்டு கண்ணாடி மாதிரி வழுவழுன்னு ஆயிடுச்சு, நல்லா நடக்கிறவங்களே வழுக்கி விழுற எடம். முன்னாடியே, அரை நூற்றாண்டுக்கு முந்தி போட்ட ஒரு சிமெண்ட் பாதை இருந்துச்சு, அது உடைஞ்சு சிதைஞ்சு போச்சு. அத எடுத்துட்டு ப்ராபிலயாவுல இருந்து பார்த்தினானுக்கும் எரெக்தியானுக்கும் புதுப் பாதை போடலாம்னு முடிவாச்சு, 2020 அக்டோபர்ல வேலை ஆரம்பிச்சாங்க, கொரோனாவால நவம்பர்ல எடமே மூடிட்டாங்க, உள்ள வேலை மட்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. 2021 மார்ச்ல திரும்பத் திறந்தப்போ பாத்த ஜனங்களுக்கு அதிர்ச்சி, பழைய ஒடுக்கமான பாதை போய் பல மீட்டர் அகலத்துக்கு வெளுத்த சிமெண்ட் தரை.

இந்த வேலைக்கெல்லாம் தலைமை மனோலிஸ் கோரெஸ். இவர யாரும் லேசா ஒதுக்கிட முடியாது, பார்த்தினான் சீரமைப்புல 40 வருஷத்துக்கு மேல வேலை பாத்தவர், ஒவ்வொரு கல்லோட எடமும் தெரிஞ்ச மனுஷன்னு எதிர்த்தவங்களே சொல்வாங்க. அவர் சொன்னது, பாறைக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவுல ஒரு விரிப்பு போட்டிருக்கோம், பாறையில ஒட்டவே ஒட்டாது, நாளைக்கு வேணாம்னா பெயர்த்து எடுத்துடலாம். அதோட பழங்காலத்துல இந்த உச்சி இப்படிக் கரடுமுரடா இல்ல, மண் நிரப்பிச் சமப்படுத்தித்தான் இருந்துச்சு, இப்பப் போட்டிருக்கிறது அந்த மட்டத்துக்குக் கிட்டத்தான் வரும்னும் சொன்னார்.

எதிர்த்தவங்க சொன்னது

எதிர்த்தவங்க சாதாரண ஆளுங்க இல்ல. கிரேக்கத் தொல்லியல் ஆய்வாளர்கள் சங்கம், ப்ரவுன் பல்கலைக்கழகத்துல இருக்கிற யானிஸ் ஹமிலாகிஸ் மாதிரி பேராசிரியர்கள், முன்னாள் பிரதமர் அலெக்சிஸ் சிப்ராஸ் வரைக்கும். கையெழுத்து இயக்கமே நடந்துச்சு. அவங்க வாதத்த நான் மதிக்கிறேன், சுருக்கி ஒதுக்கிட மனசில்ல.

முதல் விஷயம், அந்தப் பாறையே ஒரு ஆவணம். அதுல ஊர்வலம் வழுக்காம இருக்கக் கீறின வரிகள் இருக்கு, சிலை நிறுத்தக் குடைஞ்ச குழிகள் இருக்கு. அதுக்கு மேல சிமெண்ட்ட ஊத்திட்டு எடுத்துடலாம்னு சொன்னா, எப்ப எடுப்பீங்க, யார் எடுப்பாங்க? இரும்பு வலை வச்ச சிமெண்ட்ட உடைக்கும்போது கீழ இருக்கிற பாறை அதிராதா?

இந்தப் பயத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 20-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல நிக்கோலாஸ் பலானோஸ்னு ஒரு பொறியாளர் பார்த்தினானத் தூக்கி நிறுத்தினார், விழுந்த தூணெல்லாம் எடுத்து அடுக்கினார், உலகமே பாராட்டுச்சு. கல்ல இணைக்க இரும்புக் கம்பி வச்சார். பழைய கிரேக்கக் கொத்தனாருங்களும் இரும்புதான் வச்சாங்க, ஆனா அதச் சுத்தி ஈயத்த ஊத்தி தண்ணி படாம மூடினாங்க. பலானோஸ் அதச் செய்யல. இரும்பு துரு பிடிச்சு ஊதி உள்ள இருந்தே பளிங்க வெடிக்க வச்சுடுச்சு. 1975-ல ஒரு குழு அமைச்சு, அதுக்கப்புறம் பல பத்து வருஷமா அந்த இரும்ப ஒவ்வொன்னா எடுத்துட்டு டைட்டானியம் வச்சுக்கிட்டிருக்காங்க. 2025 வரைக்கும் சாரம் முழுசா இறங்கின பாடில்ல. நல்லது செய்றேன்னு ஒருத்தர் வச்சத எடுக்க அவரோட பேரன் காலம் வரைக்கும் ஆகுதுன்னா, "எடுத்துடலாம்"ங்கிற வார்த்தைய ஏதென்ஸ்காரங்க லேசுல நம்புவாங்களா.

1931-ல இதே ஏதென்ஸ்லதான் நினைவுச்சின்னப் பாதுகாப்பப் பத்தின முதல் சர்வதேச சாசனம் எழுதினாங்க. அதுல பழைய கட்டடச் சீரமைப்புக்கு இரும்பு வச்ச கான்கிரீட்ட யோசிச்சுப் பயன்படுத்தலாம்னு பாராட்டியே எழுதியிருக்கு. அந்தக் காலத்து நம்பிக்கை அது. இன்னைக்கு அதே கான்கிரீட்ங்கிற சொல்லக் கேட்டாலே பாதுகாப்பு வேலை பாக்குறவங்களுக்கு உடம்பு கூசுது.

அடுத்தது, இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. வீல்சேருக்காகத்தான் போட்டோம்னா ஏன் இவ்வளவு அகலம்? ரெண்டு வீல்சேர் எதிரும் புதிருமாப் போக 1.8 மீட்டர் போதும். இத்தனை அகலமாப் போட்டது கப்பல் கப்பலா வந்து இறங்குற சுற்றுலாக் கூட்டத்துக்காக, மாற்றுத்திறனாளிகள முன்னாடி நிறுத்தி அதுக்கு நியாயம் தேடிக்கிட்டாங்கன்னு அவங்க சொன்னாங்க. கூட்டம் உண்மையிலேயே அதிகம்தான். 2023 செப்டம்பர்ல ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல விடமாட்டோம்னு வரம்பே வைக்கவேண்டி வந்துச்சு, அதுக்கு முன்னாடி 23,000 வரைக்கும் போன நாளும் உண்டு.

என் கணக்குல

ரொம்ப நாள் யோசிச்சு நான் வந்து சேந்த எடம் இது.

லிஃப்ட் சரி. அதுல எனக்கு ரெண்டாவது யோசனையே கிடையாது. கிரீஸ்ல இருக்கிற மாற்றுத்திறனாளிகள் கூட்டமைப்பும் அத வரவேத்துச்சு.

பாதை வேணும்ங்கிறதும் சரி. மேல கொண்டுபோய் விட்டுட்டு அங்க ஒரு மூலையிலயே உக்காருன்னு சொன்னா அது வழி விட்டதாகாது. அதோட "ஆதிப் பாறைய மூடிட்டாங்க"ங்கிற குற்றச்சாட்டு முழு உண்மையும் இல்ல. இன்னைக்கு நாம பாக்குற வெறும் பாறை 19-ம் நூற்றாண்டு கொடுத்த தோற்றம். அதுக்கு முன்னாடி அந்த உச்சியில சர்ச் இருந்துச்சு, மசூதி இருந்துச்சு, வீடுகள் இருந்துச்சு, பார்த்தினானே சர்ச்சாவும் மசூதியாவும் இருந்த கட்டடம்தான். கிரீஸ் விடுதலை ஆனதுக்கு அப்புறம் பெரிக்கிளிஸ் காலம் மட்டும்தான் எங்க வரலாறுன்னு முடிவு பண்ணி மத்ததெல்லாம் இடிச்சு எடுத்தாங்க, நுழைவாயில் பக்கத்துல நின்ன, இடைக்காலத்துல மேற்கு ஐரோப்பிய ஆட்சியாளர்கள் கட்டின பிராங்கிஷ் கோபுரத்தக்கூட 1875-ல இடிச்சாங்க. 1885-ல இருந்து 1890 வரைக்கும் கவாடியாஸ்ங்கிற ஆய்வாளர் தலைமையில உச்சி முழுக்கத் தாய்ப்பாறை தெரியுற வரைக்கும் தோண்டி மண்ணையெல்லாம் அள்ளினாங்க. அங்க இருந்து வந்ததுதான் இந்த மேடு பள்ளம். ஆக அந்தக் கரடுமுரடுங்கிறது 130 வருஷத்துக்கு முன்னாடி சில ஆய்வாளர்கள் எடுத்த முடிவு. அந்த முடிவு எங்க அக்காவ வெளிய நிறுத்துது. அத இன்னொரு முடிவால சரி பண்ணலாம், தப்பே இல்ல.

ஆனா அகலம் விஷயத்துல எதிர்த்தவங்க பக்கம் நியாயம் இருக்குன்னு நினைக்கிறேன். வீல்சேருக்குத் தேவையானது ஒரு கோடு மாதிரி ஓடுற பாதை, நடுவுல திரும்ப எடம், உக்கார எடம், நிழல். ஜூலை மாசம் ஏதென்ஸ் வெயில் என்னன்னு கேட்டா, 2023-ல மதிய நேரத்துல எடத்தையே மூட வேண்டியிருந்துச்சு, அவ்வளவு வெயில். முதுகுத்தண்டுல அடிபட்ட நிறைய பேருக்கு உடம்பு சூட்டச் சரியா வெளியேத்த முடியாது, அடிபட்ட எடத்துக்குக் கீழ வேர்க்கவே வேர்க்காது, அவங்களுக்கு வெள்ளை சிமெண்ட்ல பட்டுத் தெறிக்கிற வெயில் ஆபத்து. நிழலப் பத்தி அந்தச் சண்டையில யாராவது பேசுனாங்களான்னு தேடித்தேடிப் பாத்தேன், ரெண்டு பக்கத்துலயும் என் கண்ணுல படல. சிமெண்ட்டா கல்லான்னே பேசிட்டிருந்தாங்க.

எல்லாத்தையும் விட எனக்கு உறுத்துறது, செஞ்ச முறை. மூடின கதவுக்குப் பின்னாடி, ஊர் முடங்கிக் கிடந்த நேரத்துல, சில மாசத்துல முடிச்சாங்க. நிபுணர் குழு ஒப்புதல் இருந்துச்சு, அது சட்டப்படி போதும். ஆனா அதே வேலைய முதல்ல 50 மீட்டர் நீளத்துக்குப் போட்டு, வீல்சேர்ல இருக்கிறவங்க, பார்வை இல்லாதவங்க, கைத்தடியோட வர்ற வயசானவங்க, ஸ்ட்ரோலர் தள்ளுற அம்மாக்கள் எல்லாரையும் நடக்கவும் உருட்டவும் விட்டுப் பாத்து, எங்க சரிவு அதிகம், எங்க கைப்பிடி வேணும்னு கேட்டுட்டுப் பெருசாக்கியிருந்தா இந்தச் சண்டையில பாதி வந்திருக்காது. மாற்றுத்திறனாளிகள் பேர் எல்லார் வாயிலயும் அடிபட்டுச்சு, ஒரு பக்கம் அவங்களக் கேடயமாப் பிடிச்சுது, இன்னொரு பக்கம் அது வெறும் சாக்குன்னு ஒதுக்குச்சு, நடுவுல அவங்க அந்த எடத்துல என்ன பாக்க ஆசைப்படுறாங்கன்னு கேட்டவங்க கொஞ்சம்.

பார்வை இல்லாதவங்க விஷயம் தனியா சொல்லணும். அவங்களுக்கு லிஃப்ட்டும் பாதையும் மட்டும் போதாது, கல்லத் தொட்டாத்தான் கட்டடம். ஆனா அங்க எதையும் தொடக்கூடாது, தொட்டா பளிங்கு கெடும், அதுவும் நியாயமான விதிதான். இதுக்கு ஏதென்ஸ்லயே ஒரு நல்ல பதில் இருக்கு, பார்வையற்றோருக்கான அமைப்பு ஒன்னு 1984-ல இருந்து ஒரு தொட்டுணரும் அருங்காட்சியகம் நடத்துது, சிலைகளோட நகல், மாதிரி எல்லாம் கையால தடவிப் பாக்கலாம். அக்ரோபோலிஸ் அடிவாரத்துல 2009-ல திறந்த புது அருங்காட்சியகம் ஆரம்பத்துலயே லிஃப்ட், சாய்தளத்தோட கட்டினது, அங்க வீல்சேர் பிரச்சினையே பெருசா இல்ல. புதுசாக் கட்டும்போது யோசிச்சா செலவும் குறைவு சண்டையும் குறைவு.

நம்ம பக்கம்

இதப் படிக்கிறவங்க நம்ம ஊர்ல என்னன்னு கேப்பீங்க, கொஞ்சம் சொல்றேன். 2001 ஜனவரியில ஸ்டீபன் ஹாக்கிங் இந்தியா வந்தார், மும்பைல மாநாடு, அப்புறம் டெல்லி. ஜந்தர் மந்தர், குதுப் மினார் பாக்கணும்னு ஆசைப்பட்டார். அங்கெல்லாம் வீல்சேர் போக வழியில்ல. ஜாவேத் அபிதின்னு மாற்றுத்திறனாளி உரிமைக்காகக் கடைசி வரைக்கும் போராடினவர், அவரும் வீல்சேர்ல இருந்தவர்தான், அவரும் கூட இருந்தவங்களும் விடாம நெருக்கினதால தொல்லியல் துறை மரத்துல தற்காலிக ராம்ப் போட்டுச்சு. உலகம் அறிஞ்ச விஞ்ஞானி வந்தா ராம்ப் வரும்னா, சாதாரண ஆளு வந்தா ஏன் வரக்கூடாதுன்னு அவங்க கேட்ட கேள்விலதான் இந்தியாவுல இந்தப் பேச்சே சூடு பிடிச்சுது.

சட்டம் நம்மகிட்ட இருக்கு. ஐநா மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையோட 30-வது பிரிவு நினைவுச்சின்னங்களுக்கும் வழி வேணும்னு சொல்லுது, "இயன்றவரை"ன்னு ஒரு வார்த்தையச் சேத்து. இந்தியா அதுல 2007-ல சேந்துச்சு, கிரீஸ் 2012-ல. நம்ம 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கெனவே இருக்கிற பொதுக் கட்டடங்களையும் கெடு வச்சு மாத்தச் சொன்னுச்சு. பொது எடங்கள்ல மாற்றுத்திறனாளிகளுக்கு வழி வேணும்னு ராஜீவ் ரதூரிங்கிறவர் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ம் தேதி கொடுத்த தீர்ப்பு, இந்த விதியெல்லாம் வெறும் பரிந்துரையா இருந்தாப் பத்தாது, கட்டாயமா இருக்கணும்னு சொல்லிடுச்சு. "இயன்றவரை"ங்கிற வார்த்தைக்குள்ளதான் எல்லாரும் ஒளிஞ்சுக்கிறாங்க. ஏதென்ஸ்ல செங்குத்துப் பாறை மேலயே இயலுதுன்னா, நாலு படிக்கு ஒரு மரச் சாய்தளம் வைக்கவும், பூட்டச் சாவியோட அங்கயே வச்சிருக்கவும் எங்கயும் இயலும்.

அக்காவோட கேள்விக்கு

கடைசியா பதிலும் ஒரு மாதிரி கிடைச்சுது. வடக்குப் பக்கமாப் போய் லிஃப்ட்ல ஏறலாம். மேல பாதையில பார்த்தினான் பக்கம் வரைக்கும், எரெக்தியான் பக்கம் வரைக்கும் உருட்டிக்கிட்டுப் போகலாம். சில எடத்துல ஏத்தம் இருக்கு, கைல பலம் இருக்கிறவங்க தானாப் போவாங்க, இல்லாதவங்களுக்குப் பின்னாடி ஒரு ஆள் வேணும். பார்த்தினானுக்கு உள்ள யாருக்குமே அனுமதி இல்ல, அதனால அதுல குறை ஒன்னுமில்ல.

ஒன்னு மட்டும் இன்னும் கிடைக்கல. மேற்குப் பக்கம் ஏறி, ப்ராபிலயா நடு வாசல் வழியா உள்ள காலடி வைக்கிறப்போ பார்த்தினான் மெல்ல மெல்லக் கண்ணுக்கு எழும்புமே, அந்த வருகை. அந்தக் கட்டடத்த வடிவமைச்சவங்க மொத்த வித்தையையும் அதுலதான் வச்சாங்க. லிஃப்ட்ல வர்றவங்க பக்கவாட்டுல இருந்து வந்து சேருறாங்க, வாசல உள்பக்கம் இருந்துதான் பாப்பாங்க. 2021-ல மேற்கு வழிய மாத்திக் கட்டுறதுக்கு ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தாங்க, அதுவும் ரோமானியர் காலத்துப் படிக்கட்டத் திரும்ப அமைக்கிற திட்டம்தான். மாடு ஏறின சாய்தளம் திரும்ப வரப் போறதில்ல.

இதச் சொன்னதும் அக்கா கொஞ்ச நேரம் யோசிச்சாங்க, "பரவால்ல, மேல போய் அந்த வாசல்கிட்ட வந்து திரும்பி நின்னு பாத்துக்கிறேன், எல்லாரும் வர்றதப் பாக்கலாம்ல"ன்னாங்க. இப்ப டிக்கெட்டுக்குக் காசு சேத்துக்கிட்டிருக்கோம், ஏப்ரல் மாசம் போகலாம்னு எண்ணம், வெயிலும் கம்மி. அக்காவோட நோட்டுல போற அன்னைக்குச் செய்ய வேண்டியதுன்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல முதல் வரி: முந்தின நாளே போன் பண்ணி லிஃப்ட் ஓடுதான்னு கேக்கணும்.